மீன்தொட்டியில் நெளிவது என்ன? அடையாளம் காண்பதும் அப்புறப்படுத்துவதும்

தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் ஆனபிறகு, செல்போன் டார்ச்சைக் கண்ணாடியின்மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பகலில் தெளிவாகத் தெரிந்த தண்ணீருக்குள் வேறொரு கூட்டம் கிளம்பியிருக்கும். கண்ணாடியில் முடிபோல ஒட்டி நெளியும் புழு, தத்தித் தத்திப் போகும் வெள்ளைப் புள்ளி, சரளைக்குள்ளிருந்து தலை நீட்டும் நத்தை. முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீர் கெட்டுவிட்டது, மீனுக்கு நோய் வந்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓடி ஏதாவது மருந்து வாங்கி ஊற்றத் தோன்றும்.

நான் அப்படி ஊற்றி, நாற்பது செர்ரி இறாலை ஒரே ராத்திரியில் இழந்தவன். இரண்டடித் தொட்டி. இறால்கள் அப்போதுதான் குஞ்சு பொரிக்க ஆரம்பித்திருந்தன. கண்ணாடியில் வெள்ளை நூல் நூலாகப் புழு தெரிந்ததும் கடையில் கேட்டேன்; ஒரு புட்டியைக் கொடுத்தார்கள். என்ன மருந்து என்று சீட்டைக்கூடப் படிக்காமல் ஊற்றினேன். காலையில் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை மட்டும் அசைத்துக்கொண்டு கிடந்தன. மருந்தில் இருந்தது காப்பர். இறாலின் ரத்தத்திலேயே காப்பர் உண்டு என்றாலும், தண்ணீரில் அது கொஞ்சம் கூடினால்கூட இறால் தாங்காது. அந்தப் புழுவோ இறாலை ஒன்றும் செய்யாத வகை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பெயர் தெரியாத எதற்கும் மருந்து போடாதீர்கள். தொட்டியில் கண்ணுக்குத் தெரியும் சின்ன உயிர்களில் பெரும்பாலானவை கெடுதல் செய்யாதவை. கெடுதல் செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றை அடையாளம் காண்பதும் கஷ்டமில்லை.

முதல் வேலை: பிடித்துப் பார்ப்பது

கண்ணாடி வழியாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஊசி இல்லாத சிரிஞ்சையோ சொட்டு மருந்துக் குழாயையோ எடுத்து, சந்தேகப்படும் உயிரைக் கொஞ்சம் தண்ணீரோடு உறிஞ்சி, ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் விடுங்கள். இரண்டு நிமிடம் அசையாமல் வைத்தால் அது தன் இயல்பில் நகரத் தொடங்கும். அப்போது செல்போனில் வீடியோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பூதக்கண்ணாடியை கேமராவுக்கு முன்னால் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பார்க்க வேண்டியவை மூன்று. உடல் உருண்டையா, தட்டையா? தலை தனியாகத் தெரிகிறதா? எப்படி நகர்கிறது? மூன்றாவதுதான் முக்கியம். நிறத்தை நம்ப முடியாது. ஒரே வகைப் புழு தின்றதைப் பொறுத்து வெள்ளையாகவும் தெரியும், பழுப்பாகவும் தெரியும்.

விட்டுவிட வேண்டியவை

வெள்ளையாக, நூல் போல, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், தண்ணீரில் விட்டால் பாம்புபோல வளைந்து வளைந்து நீந்துவது கசடுப்புழு. டெட்ரிடஸ் புழு என்பார்கள். மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம். எல்லாத் தொட்டியிலும் சரளைக்குள் இது இருக்கும்; மீன் கழிவையும் மிச்சத் தீனியையும் தின்று வாழும். என் இறால்கள் செத்தது இதைக் கொல்லப் போய்த்தான். இது திடீரென்று கண்ணாடியிலும் தண்ணீர் நடுவிலும் கூட்டமாகத் தெரிந்தால் புழுவைப் பற்றிக் கவலைப்படாமல் சரளையைப் பாருங்கள். அடியில் அழுக்கு சேர்ந்து ஆக்சிஜன் குறைந்திருக்கும், அதனால்தான் மேலே வருகிறது. ஏர் பம்பைக் கூட்டி, சரளையைச் சுத்தம் செய்து, தீனியைக் குறைத்தால் சில வாரங்களில் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி, நின்று நின்று வெட்டி வெட்டிக் குதிப்பது சைக்ளாப்ஸ். பெண்ணுக்கு வால் பக்கம் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும், பூதக்கண்ணாடியில் அழகாகத் தெரியும். கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்ன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நரம்புச் சிலந்திப் புழுவை மனித உடலுக்குள் கொண்டுவந்தது இந்த சைக்ளாப்ஸ்தான். குளம், படிக்கிணறுகளில் இறங்கி அள்ளிய தண்ணீரோடு அது வயிற்றுக்குள் போனது. அந்த நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டதாக 2000-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. தொட்டியில் இருக்கும் சைக்ளாப்ஸால் உங்களுக்கும் பயமில்லை, மீனுக்கும் பயமில்லை. மீன்குஞ்சுக்கு நல்ல தீனி.

கசகசா விதை அளவில், உருண்டையாக, சரளைமேல் தறிகெட்டு ஓடுவது ஆஸ்ட்ரகாட். சிப்பிபோல இரண்டு ஓடு உள்ளது. இதையும் விட்டுவிடலாம். மீன் இருக்கும் தொட்டியில் இவை இரண்டும் தாமாகவே குறைந்துவிடும். மீன் இல்லாத இறால் தொட்டியில்தான் பெருகித் தெரியும்.

பிளனேரியா

இனி தொல்லைக்கு வருவோம். கிண்ணத்தில் விட்ட புழு தட்டையாக, தலை அம்புமுனை போல முக்கோணமாக, அதில் இரண்டு கரும்புள்ளிக் கண்கள் மாறுகண் வைத்ததுபோலத் தெரிந்தால் அது பிளனேரியா. அது நெளியாது, வளைந்து நீந்தாது. உடலின் அடியில் இருக்கும் நுண்மயிர்களால், எண்ணெய் தடவிய கண்ணாடியில் ஒரு துளி நழுவுவதுபோல ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போகும். குழாயால் தொட்டால் சட்டென்று சுருங்கி ஒரு பொட்டாகிவிடும். சில மில்லிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். தலை முக்கோணமாக இல்லாமல் மழுங்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்திலேயே நின்றுவிடும் வெள்ளைப் புழுக்களும் உண்டு. அவை வேறு வகைத் தட்டைப்புழு, தீங்கில்லை.

பிளனேரியா மாமிசம் தின்னும். வளர்ந்த மீனை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் மீன் முட்டை, அப்போதுதான் பிறந்த இறால் குஞ்சு, தோலுரித்துவிட்டு அசைய முடியாமல் கிடக்கும் இறால் எல்லாம் அதற்கு இரை. இறால் முட்டை சுமக்கிறது, குஞ்சு மட்டும் கண்ணில் படவே இல்லை என்றால் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதைக் கண்ணாடியில் வைத்து நசுக்கக் கூடாது. நசுங்கிய துண்டு ஒவ்வொன்றும் முழுப் புழுவாக வளரும். தாமஸ் ஹன்ட் மார்கன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1898 வாக்கில் பிளனேரியாவை வெட்டி வெட்டிப் பார்த்து, உடலில் 279-ல் ஒரு பங்கு துண்டிலிருந்துகூடப் புழு மீண்டும் உருவாவதைக் கண்டார். ஆகவே எடுக்கும்போது உறிஞ்சி முழுதாக எடுங்கள்.

நாலைந்துதான் இருக்கிறது என்றால் பொறி போதும். 10 மில்லி சிரிஞ்சின் ஊசியை எடுத்துவிட்டு, பிஸ்டனை உருவி, உள்ளே மிளகு அளவு கோழி ஈரல் அல்லது பச்சை இறால் துண்டு வையுங்கள். பிஸ்டனைத் திரும்பச் செருகி, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்றுங்கள். விளக்கு அணைத்தபின் சரளைமேல் படுக்க வையுங்கள். முனை ஓட்டை வழியாகப் புழு உள்ளே போகும். இறால் போக முடியாது. விடிந்ததும், விளக்கு போடுவதற்கு முன்பே, முனையை விரலால் அடைத்துக்கொண்டு எடுத்துச் சுடுதண்ணீரில் கொட்டுங்கள். ஒரு ராத்திரிக்கு மேல் இரையை விட்டுவைத்தால் தண்ணீர் நாறும். ஒரு வாரம் தினமும் இதைச் செய்தால் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கும் தெரிந்துவிடும். பொறியில் விழுவது குறையவே இல்லை என்றால்தான் மருந்து.

ஹைட்ரா

கண்ணாடியிலோ இலை நுனியிலோ ஒரு காம்பு ஒட்டியிருக்கிறது, அதன் மறுமுனையில் ஐந்தாறு மெல்லிய இழைகள் விரிந்து தண்ணீரில் ஆடுகின்றன என்றால் ஹைட்ரா. வெள்ளையாகவோ பழுப்பாகவோ பச்சையாகவோ இருக்கும். பச்சை ஹைட்ராவின் நிறம் அதன் உடலுக்குள் குடியிருக்கும் பாசியிலிருந்து வருவது. தொட்டால் கொஞ்ச நேரம் சின்ன உருண்டையாக ஒட்டிக்கொண்டு கிடந்து, பிறகு மெல்ல நீளும்.

அந்த இழைகளில் கொட்டும் செல்கள் உள்ளன. கப்பி மீன் போட்ட குட்டி ஒன்று அதில் மாட்டியதை நான் ஒருமுறை முழுதாகப் பார்த்தேன். குட்டியின் வால் ஓர் இழையில் பட்டது. துள்ளியது, இரண்டாவது இழை சுற்றியது. கொஞ்ச நேரத்தில் துள்ளல் நின்றது. தன்னைவிடப் பருத்த அந்தக் குட்டியை ஹைட்ரா வாயை அகட்டி மெல்ல உள்ளே இழுக்க, காம்பு பை மாதிரி உப்பியது. பெரிய மீனுக்கு இதனால் ஒன்றுமில்லை. குட்டி மீனும் குட்டி இறாலும் வளர்க்கும் தொட்டியில் மட்டும் இதை வைத்திருக்கக் கூடாது.

இதையும் சுரண்டி எடுக்க முடியாது. 1740-களில் ஆபிரகாம் டிராம்ப்ளே ஹைட்ராவைத் துண்டு போட்டு, துண்டுகள் தனித்தனி உயிராக வளர்வதைக் கண்டபோது ஐரோப்பாவே வியந்தது; உங்கள் தொட்டியிலும் அதேதான் நடக்கும். ஆர்டீமியா குஞ்சு போன்ற உயிர்த்தீனி கொடுக்கும் தொட்டியில் ஹைட்ரா கட்டுக்கடங்காமல் பெருகும், ஆகவே முதலில் அதை நிறுத்துங்கள். இறால் இல்லாத தொட்டி என்றால் ஒரு முப்புள்ளிக் குராமியை விட்டாலே தின்று தீர்த்துவிடும். அது சின்ன மீன்களைத் துரத்தும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மருந்து: கணக்குப் போட்டு

பிளனேரியா, ஹைட்ரா இரண்டுக்கும் கேட்கும், இறாலையும் மீனையும் பொதுவாகப் பாதிக்காத மருந்து ஃபென்பெண்டசோல். நாய்க்குக் குடற்புழு நீக்கக் கொடுப்பது. கால்நடை மருந்துக் கடையில் 150 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கும். ஃபென்பெண்டசோல் மட்டும் இருப்பதை வாங்குங்கள். பல மாத்திரைகளில் வேறு மருந்தும் கலந்திருக்கும், அவை வேண்டாம்.

அளவு, லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம். என் இரண்டடித் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர். சரளை, கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் கழித்தால் உண்மையான தண்ணீர் 45 லிட்டர்தான். 45-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 27 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் 150 இருக்கிறதே, 27-ஐ எப்படிப் பிரிப்பது? மாத்திரையை நைசாகப் பொடித்து 150 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். இப்போது ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். இந்த மருந்து தண்ணீரில் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆகவே புட்டியை நன்றாகக் குலுக்கி, குலுக்கிய கையோடு 27 மில்லி உறிஞ்சி எடுங்கள்.

போடும் முன் இரண்டு வேலை. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிவிடும். நத்தை ஆசையாக வளர்க்கிறீர்கள் என்றால், குறிப்பாக நெரைட், ஆப்பிள் நத்தைகளை, வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஃபென்பெண்டசோல் அவற்றைக் கொல்லும், சரளையில் மாதக்கணக்கில் தங்கியும் இருக்கும். அதனால் மருந்து போட்ட தொட்டிக்கு நத்தையைச் சீக்கிரம் திருப்பி விடவும் முடியாது.

விளக்கை அணைத்தபின் மருந்தை ஊற்றி, ஏர் பம்பை விடாமல் ஓட்டுங்கள். மறுநாளிலிருந்து செத்த புழு அடியில் கிடக்கும். உடனுக்குடன் டியூபால் உறிஞ்சுங்கள். நிறைய புழு ஒரே நேரத்தில் அழுகினால் அம்மோனியா ஏறும், இறால் சாவது பெரும்பாலும் மருந்தால் அல்ல, இதனால்தான். இரண்டு நாள் கழித்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, பாதி அளவு மருந்தை இன்னொரு முறை போடுங்கள். மூன்று நாள் போனபின் மறுபடி தண்ணீர் மாற்றிவிட்டால் முடிந்தது. மருந்துத் தண்ணீரைக் குளம், வாய்க்கால் பக்கம் ஊற்ற வேண்டாம்.

பிளனேரியாவுக்கென்று தனியாக விற்கும் ஒரு வெளிநாட்டுப் பொடியில் இருப்பது நம் கொட்டைப்பாக்குச் சாறு என்று அறிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. பாக்கில் உள்ள அரிகோலின் புழுக்களை முடக்குவது. முன்பு நாய்களுக்கு நாடாப்புழு நீக்கவும் அதைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக வீட்டுப் பாக்கை இடித்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு பாக்கில் எவ்வளவு இருக்கும் என்று அளக்க வழியில்லை. மயில்துத்தம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அது காப்பர் சல்பேட்.

நத்தை

வாங்காமலே வரும் நத்தை மூன்று. ஓடு இடப்பக்கம் திறந்து, மெல்லிய கொப்புளம்போல இருப்பது பிளாடர் நத்தை. வட்டமாகச் சுருட்டிய ஓடு, பெரும்பாலும் சிவப்பாக, ராம்ஸ்ஹார்ன். நீளக் கூம்பாக, பகலில் சரளைக்குள் புதைந்து இரவில் வருவது டிரம்பெட் நத்தை. முதல் இரண்டும் இலையடியில் கூழ் பொட்டலம்போல முட்டையிடும். மூன்றாவது நேரே குட்டி போடும்.

இவை எதுவும் எதிரி இல்லை. பாசியையும் அழுகிய இலையையும் தின்னும். டிரம்பெட் நத்தை சரளையைக் கிளறி வைப்பதால் எனக்குப் பிடிக்கும். அவை பகலிலேயே கூட்டமாகக் கண்ணாடியில் ஏறினால் தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொள்வேன். கூட்டம் அதிகமாகிவிட்டது என்றால், லேசாக வேகவைத்த வெள்ளரிக்காய்த் துண்டை ஒரு முள்கரண்டியில் குத்தி ராத்திரி அடியில் வையுங்கள். காலையில் நத்தை அப்பியிருக்கும், அப்படியே தூக்குங்கள். வாரம் இரண்டு முறை, ஒரு மாதம்.

நத்தை தின்னும் அசாசின் நத்தையை விடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்த குட்டிப் பேத்தை மீனான பீ பஃபரும் நத்தையை ஆர்வமாகத் தின்னும். ஆனால் மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும், ஆற்றிலிருந்து அளவில்லாமல் பிடித்ததில் அதன் இனமே ஆபத்தில் இருக்கிறது. நத்தைக்காக அதை வாங்காதீர்கள்.

கண்டவுடன் எடுக்க வேண்டியது

மீன்குஞ்சு தினம் ஒன்றிரண்டாகக் குறைகிறது, பிணமும் கிடைக்கவில்லை என்றால் தட்டான் குஞ்சைத் தேடுங்கள். ஊசித்தட்டான் குஞ்சு குச்சி மாதிரி மெலிந்து, வாலில் மூன்று இலைபோன்ற செவுள்களோடு இருக்கும். பெரிய தட்டானின் குஞ்சு தடித்து, சரளை நிறத்திலேயே அசையாமல் கிடக்கும். இரை பக்கத்தில் வந்தால் மடித்து வைத்த கீழுதட்டை நீட்டிப் பிடித்துவிடும். செடியோடு முட்டையாக வந்து தொட்டியில் வளர்வது இது. மருந்து தேவையில்லை, செடிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தட்டில் உதறினால் அகப்படும். மாடியில் அல்லித் தொட்டி வைத்திருந்தால் அதில் விடுங்கள், கொசுப்புழுவைத் தின்னும். அளவுப்புழு மாதிரி உடலை மடக்கி மடக்கி நகர்வது அட்டை. அதையும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள்.

ஏன் பெருகுகிறது

எந்த உயிரும் தின்னக் கிடைக்கும் அளவுக்குத்தான் பெருகும். மருந்து போட்டு விரட்டிய புழு மூன்று மாதத்தில் திரும்பி வருகிறது என்று வருத்தப்படுபவர்களிடம் நான் கேட்பது, தினமும் எத்தனை சிட்டிகை தீனி போடுகிறீர்கள் என்பதைத்தான். வீட்டில் ஒருவர் காலையில் போடுவார், பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து போடுவார்கள், ராத்திரி இன்னொரு கை. மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, ஒரு நாளைக்கு ஒருமுறை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. வளர்ந்த மீனுக்கு இது போதும். குளோரின் நீக்கிய தண்ணீரில் வாரம் கால்பங்கு மாற்றுங்கள், மாற்றும்போது டியூபைச் சரளைக்குள் செருகி அடிக்கசடை உறிஞ்சுங்கள். ஒரே நாளில் எல்லாச் சரளையையும் கிளறாமல், இந்த வாரம் இடப்பாதி, அடுத்த வாரம் வலப்பாதி என்று போங்கள்.

செடி வாங்கி வரும்போது

சென்னை கொளத்தூர் போன்ற சந்தையில் வாங்கினாலும் சரி, நண்பர் கொடுத்தாலும் சரி, இவை எல்லாம் வருவது செடி, சரளை, மீன் தீனிக்காகச் சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு, மீன் வந்த பையின் தண்ணீர் ஆகிய வழிகளில்தான். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். டிஷ்யூ கல்ச்சர் முறையில், அதாவது ஆய்வகத்தில் கிருமியில்லாமல் வளர்த்துக் கிண்ணத்தில் விற்கும் செடி விலை கூடுதல், ஆனால் பூச்சி இருக்காது.

மற்றச் செடிகளுக்கு, நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி படிகாரப் பொடி கரைத்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். நத்தைக்கு இது கேட்கும். கூழுக்குள் இருக்கும் முட்டை சில தப்பிவிடும். அதற்காகத்தான் நான் பால்கனியில் ஒரு வெள்ளை வாளி வைத்திருக்கிறேன். புதுச் செடி எதுவானாலும் மூன்று வாரம் அதில் இருக்கும். வலைத்துணி கட்டி மூடுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை இரவில் டார்ச் அடித்து வாளியின் சுவரைப் பாருங்கள். பொரித்த குட்டி நத்தை, வழுக்கிப் போகும் பிளனேரியா, ஆடும் ஹைட்ரா எல்லாம் வெள்ளைச் சுவரில் உடனே கண்ணில் படும். மூன்றாவது வாரக் கடைசியில் அடித் தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் செடியை இன்னொரு முறை அலசித் தொட்டியில் நடலாம். வாளித் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றுங்கள்.